காபோன் விசா: மரம் பார்க்கப் போனபோது கற்றுக்கொண்டவை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மர அறுவை மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு ஆப்பிரிக்கா அப்படியொன்றும் தெரியாத ஊர் இல்லை. தூத்துக்குடியில் இறங்கும் தடிகள் லாரி லாரியாக எங்கள் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் காபோனிலிருந்து தடி வராது. 2010-இல் அந்த நாடு முழுத் தடி ஏற்றுமதியை அடியோடு நிறுத்திவிட்டது. மரத்தை அங்கேயே அறுக்க வேண்டும், அங்கத்து ஆட்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் பலகையும், தடியிலிருந்து மெல்லிய ஏடாக உரிக்கும் வெனீரும், பிளைவுட்டும்தான் கப்பல் ஏறும். தடி என்றால் வாங்கி வந்து நம் இஷ்டத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். பலகை என்றால் ஈரம் எவ்வளவு, வெடிப்பு எங்கே, அறுப்பு நேராக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துதான் விலை பேச முடியும். 2019 ஜூலையில் எங்கள் முதலாளி என்னைக் காபோன் தலைநகர் லிப்ரவிலுக்கு அனுப்பியது இதற்காகத்தான்.

அதற்கு முன் நான் போன வெளிநாடு மலேசியா மட்டும். விசா என்றால் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் முத்திரை குத்தித் தருவார்கள் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். காபோனுக்கு அப்படி இல்லை. 2015 முதல் அவர்களிடம் இ-விசா இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைப்பது விசா இல்லை, உள்ளே வர முன் அனுமதி. அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு லிப்ரவில் விமான நிலையத்தில் இறங்கி, அங்குள்ள கவுன்டரில் பணம் கட்டினால்தான் விசா. இந்த வழி லிப்ரவில் விமான நிலையத்துக்கு மட்டும்தான். தரைவழியாக எல்லையில் போய் நின்றால் அந்தத் தாள் செல்லாது. டெல்லியில் அவர்களுடைய தூதரகமும் இருக்கிறது. அங்கே நேரில் விண்ணப்பித்தும் வாங்கலாம்.

முதலில் ஊசியைச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் காபோனுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுபடியாகும். டிக்கெட் போட்டுவிட்டு ஊசியைத் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நான் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது, முன்பதிவு வேண்டும், அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

ஊசி போட்டுவிட்டு சிஸ்டர் மஞ்சள் புத்தகத்தில் பேனாவால் என் பெயரை எழுதினார். நம் ஊர் வழக்கப்படி முதலில் இனிஷியல், புள்ளி, பிறகு பெயர். முத்திரை குத்தக் கை போன நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். பாஸ்போர்ட்ல இனிஷியல் இல்ல. அப்பா பேரு முழுசா பின்னாடி இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. “நல்ல வேளை சார், முத்திரை விழுறதுக்கு முன்னாடி சொன்னீங்க” என்று அந்தப் புத்தகத்தை ரத்து செய்துவிட்டு, வேறு ஒன்றை எடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். கடைசியில் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, “இங்க நீங்க கையெழுத்துப் போடணும், நிறைய பேர் மறந்துடுறாங்க” என்று ஒரு கோட்டைக் காட்டினார். அந்த அட்டைக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்தப் பெயர் விஷயத்தைத் தமிழர்கள் யாரும் லேசாக எடுக்கக் கூடாது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பிரெஞ்சு விண்ணப்பத்தில் ‘நோம்’ என்று ஒரு கட்டம், ‘ப்ரெநோம்’ என்று ஒரு கட்டம். முன்னது குடும்பப் பெயர், பின்னது நம் சொந்தப் பெயர். ‘நோம்’ என்பதை ‘நேம்’ என்று வாசித்துச் சொந்தப் பெயரை அங்கே போட்டு, இன்னொரு கட்டத்தில் இனிஷியலைப் போட்டால், அனுமதித் தாளில் வருகிற ஆளும் பாஸ்போர்ட்டில் இருக்கிற ஆளும் வேறு வேறு ஆகிவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி ஓடுகிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. டிக்கெட், அழைப்புக் கடிதம், ஹோட்டல், காப்பீடு, மஞ்சள் அட்டை எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஊசியில் இவ்வளவு கவனமாக இருந்த நான் விண்ணப்பத்தில் கோட்டை விட்டேன். சென்னையில் ஒரு ஏஜென்டிடம் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், போட்டோ, போக வர டிக்கெட், மஞ்சள் அட்டையின் ஸ்கேன், காபோன் மில் அனுப்பிய அழைப்புக் கடிதம் எல்லாம் கொடுத்தாயிற்று. அவர் நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று போட்டார். “பிசினஸ்னு போட்டா அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர்னு கேப்பாங்க அண்ணே, இது சீக்கிரம் வரும்” என்றார். பணம் கட்டாத ஹோட்டல் புக்கிங் ஒன்றையும் சேர்த்து வைத்தார். அனுமதி மூன்றாம் நாளே வந்துவிட்டது. எனக்கு மனசுக்குள் உறுத்தல் இருந்தது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மும்பையில் போர்டிங் கவுன்டரில் அனுமதித் தாளையும் மஞ்சள் அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் விமானம் ஏற விடமாட்டார்கள். அடிஸ் அபாபா வழியாக லிப்ரவில் போய் இறங்கினேன். முதலில் சுகாதார மேசை, அங்கே மஞ்சள் அட்டை. பிறகு விசா கவுன்டர். என் முறை வந்ததும் கோப்பைத் திறந்தேன். மேலேயே இருந்தது மில்காரர்களின் அழைப்புக் கடிதம்.

அதிகாரி அதை எடுத்துப் படித்தார். அனுமதித் தாளைப் பார்த்தார். திரும்பக் கடிதத்தைப் பார்த்தார். தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: இதில் சுற்றுலா என்று இருக்கிறது, அதில் மரம் என்று இருக்கிறது, எது உண்மை?

மரம்தான் என்று சொன்னேன். பையில் பலகையின் ஈரம் பார்க்கும் மீட்டரும் அளவு டேப்பும் இருந்தன, வேறு எதைச் சொல்ல? என்னை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரம். என்னோடு வந்த எல்லோரும் போய்விட்டார்கள். பெட்டி சுற்றும் பெல்ட் நின்றுபோன சத்தம் கூடக் கேட்டது. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. வெளியே காத்திருந்த மில் ஆள், அவர்கள் அலுவலகத்தில் சொல்லி, கடிதத்தின் மூலப் பிரதியோடு உள்ளே வந்து பேசிய பிறகுதான் விஷயம் முடிந்தது.

அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. கெவாசிங்கோ என்று ஒரு மரம், நம் செம்மரம் மாதிரி விலை போகும். அதை வெட்டுவதை 2018-இல் தடை செய்துவிட்டார்கள். 2019 தொடக்கத்தில் ஓவெண்டோ துறைமுகத்தில் அந்த மரம் கன்டெய்னர் கன்டெய்னராகப் பிடிபட்டது. பிடித்து வைத்ததில் 353 கன்டெய்னர்கள் காணாமல் போயின. மே மாதம் துணை அதிபரும் வனத்துறை அமைச்சரும் பதவி இழந்தார்கள். இது நடந்து இரண்டு மாதத்தில், சுற்றுலா என்று எழுதிய தாளோடு, மரம் அளக்கும் டேப்போடு நான் போய் நிற்கிறேன். யாராக இருந்தாலும் நிறுத்திக் கேட்டிருப்பார்கள். கேட்டதுதான் சரி.

இரண்டாம் முறை விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து போட்டேன். நோக்கம், வியாபாரம். காபோன் மில்லின் அழைப்புக் கடிதம் பிரெஞ்சில். கூடவே எங்கள் மில்லின் லெட்டர்பேடில் ஒரு பணிப் பயணக் கடிதம்: இன்னார் எங்கள் ஊழியர், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இன்ன வேலைக்காக அனுப்புகிறோம், செலவு எங்களுடையது. பிரெஞ்சு பேசும் நாடுகளில் இதற்கு ‘ஓர்த்ர் த மிசியோன்’ என்று பெயர். நமக்கு அது சாதாரணக் கடிதமாகத் தோன்றும். அவர்கள் மதித்துப் படிக்கிற காகிதம் அது. முதலாளியின் கையெழுத்துக்குக் கீழே உருண்டை ரப்பர் ஸ்டாம்ப் நன்றாக விழ வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத கடிதத்தை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அங்குள்ளவர்களிடம் திருத்தம் கேட்க வேண்டுமானால் நம் மதியம் ஒன்றரைக்கு மேல் போன் செய்யுங்கள். அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், அப்போதுதான் அங்கே காலை ஒன்பது.

பணம் எப்படிக் கொண்டுபோவது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நான் போனபோது ஒருமுறை நுழையும் விசாவுக்கு 70 யூரோ, நடைமுறைக் கட்டணம் 15 யூரோ, மொத்தம் 85. மதுரையில் மாற்றும்போதே ஐம்பது, இருபது, பத்து, ஐந்து என்று ஒவ்வொரு தாளாகக் கேட்டு வாங்கி ஒரு கவரில் தனியாக வைத்துவிட்டேன். கவுன்டரில் இருநூறு யூரோவை நீட்டிச் சில்லறைக்குக் காத்திருக்கும் நிலை வேண்டாம். அவர்கள் நாணயம் சிஎஃப்ஏ பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று கட்டிப்போட்ட விலை, நாளுக்கு நாள் மாறாது. அதனால் டாலரைவிட யூரோ கொண்டுபோவது உத்தமம்.

இதே பிராங்க்தான் என்னை இன்னொரு தப்புக் கணக்கும் போட வைத்தது. கேமரூன், சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ குடியரசு, எக்குவடோரியல் கினி, காபோன் ஆறுக்கும் ஒரே பணம். பணம் ஒன்றென்றால் விசாவும் ஒன்றாக இருக்கும், ஐரோப்பா மாதிரி ஒன்றில் நுழைந்து மற்றதற்குப் போய்விடலாம் என்று நினைத்து, அப்படியே கேமரூனில் துவாலா போய் அங்கேயும் மரம் பார்த்துவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அந்த ஆறு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் விசா இல்லாமல் போகலாம் என்ற ஏற்பாடு. நமக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விசா, தனி விண்ணப்பம். அதோடு, ஒருமுறை நுழையும் விசாவில் காபோனை விட்டு வெளியே போனால் திரும்பி நுழைய மறுபடி முதலிலிருந்து. துவாலா திட்டத்தை விட்டுவிட்டேன்.

லிப்ரவிலில் இடங்களை ‘பேக்கா’ ஐந்து, ‘பேக்கா’ எட்டு என்று கிலோமீட்டர் எண்ணை வைத்துச் சொல்வார்கள். ஊரைத் தாண்டி 27 கிலோமீட்டரில் இன்கோக் என்ற தொழிற்பேட்டை. மர ஆலைகள் வரிசையாக நிற்கும். இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், இந்திச் சத்தம் எங்கும் கேட்கும். போகிற வழியில் போலீஸ் நிறுத்திக் காகிதம் கேட்பது அங்கே அன்றாடம். பாஸ்போர்ட், விசா ஒட்டிய பக்கம், நுழைவு முத்திரை, மஞ்சள் அட்டை நான்கையும் நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன், அசல் பையின் உள்ளறையில். வண்டி நின்றதும் கண்ணாடியை இறக்கி ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்ட வேண்டும். வணக்கம் சொல்லாமல் காகிதத்தை நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு.

இன்கோக்கில் வெனீர் உரிக்கும் மெஷின் ஓட்டும் ராஜபாளையத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். தமிழ்க் குரல் கேட்டதும் மெஷினை உதவியாளிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். ஒகூமே மரம், இளஞ்சிவப்பு நிறம். ஒரு தடி சுழலச் சுழலக் காகிதச் சுருள் மாதிரி வெனீர் கழன்று வந்துகொண்டிருந்தது. டீ குடிக்கும்போது அவர் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

“அண்ணாச்சி, நம்ம பக்கத்துப் பையங்ககிட்ட சொல்லுங்க. எங்க கம்பெனி எனக்கு முதல்ல வேலை அனுமதி வாங்கி, அப்புறம்தான் டிக்கெட் போட்டாங்க. விசிட் விசாவுல போ, போன பிறகு மாத்திக்கலாம்னு எவனாவது சொன்னா வீட்டை விட்டே கிளம்பாதீங்கன்னு சொல்லுங்க.”

காபோனில் வெளிநாட்டவர் வேலை செய்யத் தொழிலாளர் துறையின் அனுமதி வேண்டும். அதை வாங்க வேண்டியவர் முதலாளி, தொழிலாளி இல்லை. அதன் பிறகுதான் தங்குவதற்கான அட்டை. விசிட் விசாவில் போய் வேலை செய்கிறவனுக்குச் சம்பளம் தராவிட்டாலும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலும், புகார் சொல்லவே அவன் பயப்படுவான். இதில் நம் பக்கம் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று வருமே, அந்தச் சோதனை வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குத்தான். அந்தப் பட்டியலில் காபோன் இல்லை. அதனால் துபாய்க்குப் போகிற கொத்தனாரின் ஒப்பந்தத்தைப் பார்க்கிற அரசாங்கக் கண், காபோனுக்குப் போகிற மெஷின் ஆபரேட்டரின் ஒப்பந்தத்தின் மேல் படாது. ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நாமேதான் பார்க்க வேண்டும். வேலை அனுமதித் தாளின் நகல் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. லிப்ரவிலில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, அதன் எண்ணை வீட்டிலும் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

திரும்பி வரும்போதும் மஞ்சள் அட்டைக்கு வேலை இருக்கிறது. மும்பையில் குடியேற்ற வரிசைக்கு முன்னால் சுகாதார அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் வருகிறவரை ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். காபோன் மட்டுமில்லை, வழியில் மாறி ஏறும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. என் முன்னால் நின்ற ஒரு பெரியவர் அட்டையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார். ஒரு காவலரோடு போய்ப் பெட்டியைப் பிரித்து, துணிக்கடியில் கைவிட்டுத் தேடி எடுத்து வரும் வரை அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அட்டை எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். ஒரே ஆறுதல், 2016 ஜூலை முதல் இந்த ஊசி ஆயுளுக்கும் செல்லும். பத்து வருடம் என்று அச்சடித்த பழைய அட்டை வைத்திருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை.

நான் இரண்டாம் முறை கிளம்ப வேண்டியது 2023 செப்டம்பர் முதல் வாரம். ஆகஸ்ட் 30 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்து எல்லைகளை மூடிவிட்டது. செப்டம்பர் 2-இல் திறந்தார்கள். ஆனாலும் மில்காரர்களே பொறுக்கச் சொன்னார்கள். நவம்பரில் போனேன். பழைய அனுமதியை வைத்துக்கொண்டு வாதாடாமல் புதுத் தேதிக்குப் புதிதாக விண்ணப்பித்து, காப்பீட்டின் தேதியையும் மாற்றிக்கொண்டேன். கவுன்டரில் கடிதம், அனுமதித் தாள், 85 யூரோ கவர் மூன்றையும் வைத்தேன். பதினைந்து நிமிடம் கூட ஆகவில்லை.

இந்த மாதம் எங்கள் மில்லிலிருந்து ஒரு தம்பி போகிறான், முதல் வெளிநாடு. நேற்று ராத்திரி கணக்கு மேசையில் அவன் காகிதங்கள் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்து எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். மற்ற காகிதங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிக்கெட் சரி. மஞ்சள் அட்டை சரி. காப்பீடு சரி. அழைப்புக் கடிதத்தில் அவன் அப்பா பெயரில் ‘டி’-க்குப் பிறகு ஒரு ‘ஹெச்’ கூடுதலாக இருந்தது. இன்று மதியம் ஒன்றரைக்கு லிப்ரவிலுக்குப் போன் செய்தோம். திருத்திய கடிதம் நாளைக்கு வரும் என்றிருக்கிறார்கள்.